அண்ணன் கொட்டிய உமி

கரிக்காரி என்றால்தான் இப்போது அவளை எல்லோருக்கும் தெரியும். பெயர் வைத்தவன் சொந்த அண்ணன். தன் அரிசி ஆலை முற்றத்தில் மூட்டை தூக்குகிற நாலு பேர் சிரிக்கட்டும் என்று, "அதோ போறா பாரு கரிக்காரி" என்று ஒரு நாள் சொல்லி வைத்தான். சிரித்தார்கள். சம்பளம் கொடுக்கிறவன் ஒன்றைச் சொல்லிவிட்டு முகத்தைப் பார்த்தால் யார்தான் சிரிக்காமல் இருப்பார்கள்? அவள் காதில் விழ வேண்டும் என்றே சொன்னது, விழுந்தது. உமி மூட்டைகளைத் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு, திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்விட்டாள். போகிற வழியெல்லாம் மனதுக்குள் அவனை உண்டு இல்லை என்று பண்ணிக்கொண்டே போனாள் என்பது வேறு விஷயம்.

அவளுக்கு மறதி கிடையாது. அது பிறவிக் குணமா, தொழில் கொடுத்த குணமா என்று சொல்ல முடியாது. பதினாறு வருஷம் டவுனில் ஒரு துணிக்கடை மாடியில் தையல் மெஷினில் உட்கார்ந்தவள். அளவெடுத்தால் நோட்டில் எழுத மாட்டாள், தலையிலேயே நிற்கும். ஒருமுறை ஒரு வாடிக்கையாளர் கை நீளம் சரியில்லை என்று பத்துப் பேர் முன்னால் அவளைப் பார்த்துக் கத்திவிட்டார். அவள் வாயே திறக்கவில்லை. அந்த ஆளின் அடுத்த மூன்று சட்டைகளிலும் அக்குளில் கால் அங்குலம் பிடித்துவிட்டாள். கண்ணாடி முன்னால் நின்றால் கச்சிதமாக இருக்கும். பஸ்ஸில் கம்பியைப் பிடிக்கக் கையைத் தூக்கினால் இழுக்கும். அவர் கடைசிவரை தான் பருத்துவிட்டதாக நினைத்துச் சாப்பாட்டைக் குறைத்தாராம். இதைச் சொல்லும்போது அவள் முகத்தில் வருகிற சந்தோஷத்தைப் பார்க்க வேண்டும்.

லாரி ஓட்டிக்கொண்டிருந்த கணவன் விபத்தில் போனான். ஒரே மகள் படித்து, ஒரு மருத்துவமனையில் ரத்தப் பரிசோதனைக்கூட வேலைக்குப் போனாள். அந்த வருஷம்தான் அப்பா இறந்தார். காரியங்கள் முடிந்ததும் அண்ணன் சொன்னான், "நிலத்தைப் பிரிச்சுக்கலாம். அப்பா வழியிலேயே செய்வோம்."

அப்பா வழி என்பது அந்த வீட்டில் சின்ன வயதிலிருந்தே இருந்த ஒரு ஏற்பாடு. எதைப் பங்கு போட்டாலும் ஒருத்தர் வெட்ட வேண்டும், மற்றவர் முதலில் எடுக்க வேண்டும். பழமானாலும் சரி, துணியானாலும் சரி. வெட்டுகிறவன் தனக்குப் பெரிசாக வெட்டினால் அது மற்றவர் கைக்குப் போய்விடும். அதனால் கத்தி தானாக நடுவில் விழும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் அதில் ஒரு ஓட்டை இருக்கிறது. வெட்டுகிறவனுக்குப் பழத்தின் எந்தப் பக்கம் அழுகல் என்று தெரிந்து, எடுக்கிறவளுக்குத் தெரியாவிட்டால் அந்த ஏற்பாட்டைப் போல வசதியான மோசடி உலகத்தில் இல்லை.

அண்ணன் வெட்டினான். கால்வாய் ஓரத்து மூன்று ஏக்கர் ஒரு பங்கு. ஆலைச் சுவருக்குப் பின்னால் நாலரை ஏக்கர் இன்னொரு பங்கு. இந்த இரண்டாவது நிலம் அவள் கல்யாணமாகிப் போனபிறகு அப்பா வாங்கிச் சேர்த்தது; அதற்கு முன் நாணல் மண்டிய சதுப்பு. வாய்க்கால் வெட்டித் தண்ணீரை வடித்து வயலாக்கியிருந்தார்கள். அவளுக்கு அது புதுசு. அவள் சேற்றில் கால் வைத்து வளர்ந்தவளும் அல்ல. பள்ளி விட்டால் தையல் வகுப்பு என்று போனவள்.

அண்ணன் கூட்டிப்போய்க் காட்டினான். மழை விட்டிருந்த சமயம். கால்வாய் ஓரத்தில் தண்ணீர் கலங்கிக் கிடந்தது. நத்தை, பாசி, தவளைச் சத்தம். பின்நிலத்து வாய்க்காலிலோ தண்ணீர் கண்ணாடி. அடியில் கிடந்த கூழாங்கல்லை எண்ணிவிடலாம். ஒரு பூச்சி கிடையாது, ஒரு நாற்றம் கிடையாது. டவுனில் மஞ்சள் தண்ணீரைத் துணியில் வடிகட்டிக் குடித்துப் பழகியவளுக்கு அதைப் பார்த்ததும் மனசு குளிர்ந்துவிட்டது. குனிந்து கையை விட்டு அளைந்தாள்.

"தண்ணி எவ்வளவு தெளிவா இருக்கு அண்ணா."

அண்ணன் வாய்க்காலைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். "உன் இஷ்டம்தான்" என்றான். பின்னால் நின்ற மூட்டைக்காரர், ஆலையில் முப்பது வருஷம் மூட்டை தூக்கியவர், ஏனோ இருமினார். அவள் நாலரை ஏக்கரை எடுத்துக்கொண்டாள். தையல் மெஷினோடு ஊருக்கே குடி வந்தாள்.

அமிலம் ஏறிய புளிப்பு மண்ணில் மீனும் நத்தையும் பிழைக்காது, கலங்கலெல்லாம் அடியில் போய் உட்கார்ந்துவிடும், அதனால்தான் தண்ணீர் அப்படித் தெளிந்து கிடக்கும் என்பது அவளுக்கு ஒரு போகம் கழித்துத்தான் தெரிந்தது. நட்ட பத்தாம் நாள் வயல் தண்ணீரில் எண்ணெய் கொட்டியதுபோல ஒரு படலம். பிறகு தண்ணீரே துரு நிறமானது. நாற்றின் இலையில் பழுப்புப் புள்ளி விழுந்து, நுனியிலிருந்து காய்ந்து வந்தது. ஒன்றைப் பிடுங்கிப் பார்த்தாள். வேர் முழுக்கத் துரு ஏறி, பழைய ஆணி மாதிரி இருந்தது. ஆலைச் சுவருக்கு மேலே அண்ணன் தலை தெரிந்தது. "என்ன, வரலையா?" என்றான். "நீதானே பார்த்து எடுத்தே?"

அவள் மூட்டைக்காரரிடம் போனாள். "அன்னிக்கு ஏன் இருமினீங்க?"

"தூசிம்மா."

"தூசியா?"

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "உங்க அண்ணனே மூணு வருஷம் அங்க போட்டுப் பார்த்தாரும்மா. நாத்து வாங்கி வாங்கி நட்டாரு. ஒரு மரக்கா நெல்லு வரலை. நான் சொன்னதாச் சொல்லிடாதீங்க."

அன்றிலிருந்துதான் கதை. நிலம் மோசம் என்பது அவளுக்கு வலிக்கவில்லை. வாய்க்காலில் கையை விட்டுக்கொண்டு அவள் பல்லைக் காட்டியபோது, எல்லாம் தெரிந்தவன் பக்கத்தில் வாயை மூடிக்கொண்டு நின்றானே, அதுதான் சுட்டது. நேரே போய்க் கேட்டாள். "எனக்கென்ன தெரியும்? மண்ணுக்குள்ள புகுந்தா பார்த்தேன்?" என்று கையை விரித்தான். அவளுக்கு அதற்குப்பின் உலகத்தில் ஒரே ஒரு ஆசை மிஞ்சியது. "தெரிஞ்சுதான் கொடுத்தேன்" என்று அவன் வாயாலேயே சொல்ல வேண்டும். அதற்கு அவன் அவள் வாசலுக்கு வர வேண்டும். வருவதற்கு அவளிடம் அவனுக்கு ஏதாவது தேவைப்பட வேண்டும். நெல் அதற்கு அப்புறம்தான்.

அண்ணா என்று கூப்பிடுவதை அன்றே விட்டாள். "வாங்க, போங்க" என்று யாரோ ஒரு கடைக்காரரிடம் பேசுகிற மரியாதையோடு பேச ஆரம்பித்தாள். அதைக் கேட்டால் எந்த அண்ணனுக்கும் கொஞ்சம் சுருக்கென்றிருக்கும். அவனுக்கு இருந்ததா என்று தெரியாது.

சும்மா கிடக்கிற நிலம்தானே என்று அவன் ஆலை உமியைச் சுவர் தாண்டி அவள் மூலையில் கொட்ட ஆரம்பித்தான். கொட்டி நெருப்பும் வைத்தான். குவியல் மேலே வெளுத்து, உள்ளே நாலு நாள் கனன்றது. மழை வந்து பாதியில் அணைத்தது. அதன்மேல் ஆலையின் வண்டி மாடுகள் இரண்டையும் கொண்டுவந்து கட்டினான். குப்பைத்தொட்டி, அடுப்பு, மாட்டுக் கொட்டில் எல்லாம் அவள் பங்கில். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தாள்.

அடுத்த போகத்துக்கு, மாடுகளை அவிழ்த்து விரட்டிவிட்டு, புது நாற்று வாங்கி வீம்புக்கு நட்டாள். வயல் முழுக்கப் பழையபடி துரு. ஆனால் சுவர் ஓரத்து மூலையில், ஒரு அறை அளவுக்கு, பச்சைப் பசேலென்று பயிர் நின்றது. அவள் இடுப்பில் சொருகியிருந்த அங்குல நாடாவை எடுத்து அளந்தாள். மூலையில் முப்பத்தெட்டு. நாலடி தள்ளி பதினொன்று. மறுபடி அளந்தாள். தையல்காரிக்குக் கண் பொய் சொன்னாலும் நாடா பொய் சொல்லாது.

வேளாண்மை அலுவலகத்தில் மண் பார்க்கிற அதிகாரி ஒருவர் இருந்தார். எல்லோரும் மண் ஆபீசர் என்பார்கள். எப்போதும் தூக்கக் கலக்கத்தில் இருப்பவர்போல இருப்பார், மண்ணைப் பார்த்தால் மட்டும் முழித்துக்கொள்வார். வந்து, இரண்டு இடத்து மண்ணையும் தண்ணீரில் கரைத்து, காகிதப் பட்டையை முக்கி எடுத்து, நிறத்தை அட்டையோடு ஒப்பிட்டார்.

"ஏழு இருந்தா நடுநிலைம்மா. குறையக் குறைய புளிப்பு. உங்க வயல் மூணரை. இதுல ஊறுகாய்தான் போடலாம். இந்த மூலை அஞ்சரை. இங்க என்ன போட்டீங்க?"

"நான் ஒண்ணும் போடலை. எங்க அண்ணன் குப்பை போட்டாரு."

அவர் கறுப்பு மண்ணைக் கையில் எடுத்து நொறுக்கிப் பார்த்தார். "உமிக்கரி. காத்து சரியாப் போகாம எரிஞ்சிருக்கு. கரி புளிப்பை அடக்கும். மண்ணுல இருக்கிற விஷத்தைப் பிடிச்சு வெச்சுக்கும், வேரை விட்டுடும். சாம்பலாயிட்டா அந்த குணம் போயிடும், மழையில கரைஞ்சே போயிடும். கறுப்பா இருக்கிறப்பவே அணைச்சுடணும்."

அவள் நேரே ஆலை ஆபீஸ் அறைக்குப் போனாள். கண்ணாடி போட்ட மேஜை, அதன் கீழே பழைய விசிட்டிங் கார்டுகள், வரிசையாக மாதிரி அரிசித் தட்டுகள், மேலே சுற்றும்போதெல்லாம் தவிட்டுத் தூசியை உதிர்க்கிற மின்விசிறி. அண்ணன் நாற்காலியில் சாய்ந்தபடி பல் குத்திக்கொண்டிருந்தான். உட்காரச் சொல்லவில்லை.

"உமி வேணும்."

"என்னத்துக்கு?"

"எரிக்க."

அவன் வாய்விட்டுச் சிரித்தான். "எவ்வளவு வேணுமோ அள்ளிக்கோ. எனக்கும் குப்பை அள்ளுற வேலை மிச்சம்." அன்று மாலைதான் அந்தப் பெயரை வைத்தான்.

உமியைக் கரியாக்குவது பார்க்கச் சுலபமான வேலை. பழைய எண்ணெய் டின்னின் பக்கமெல்லாம் ஆணியால் ஓட்டை போட்டு, மேலே ஒரு தகரக் குழாயைப் புகைபோக்கியாகச் சொருக வேண்டும். டின்னுக்குள் விறகு மூட்டி, அதைச் சுற்றி ஆள் மார்பு உயரத்துக்கு உமியைக் குவிக்க வேண்டும். நெருப்பு உமிக்குள் தெரியாது. கறுப்பு மட்டும் உள்ளிருந்து வெளியே ஊர்ந்து வரும். ஓரத்தைக் கிளறி மேலே தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். கடைசி மஞ்சளும் கறுத்த உடனே பரப்பித் தண்ணீரைக் கொட்டி அணைக்க வேண்டும். டீ குடித்துவிட்டு வரலாம் என்று போனால், வரும்போது வெள்ளைச் சாம்பல் வரவேற்கும். முதல் மாதத்தில் அவள் செய்ததில் பாதி சாம்பல். அவள் புருவமும் பாதிதான் மிஞ்சியது.

ஒரு பாத்திக்கு நாற்பது மூட்டைக் கரி சேர்த்தாள். போட்டு, கலக்கி, நட்டாள். துரு வரவில்லை. புள்ளி விழவில்லை. அதற்குப் பதிலாகப் பயிர் மொத்தமும் மஞ்சளாகி, வளராமல் அப்படியே நின்றது. மூலையில் முப்பத்தெட்டு அங்குலம் வளர்ந்த அதே நெல் இங்கே பதினாலில் நின்றுவிட்டது. சுவருக்கு அந்தப் பக்கம் சிரிப்புக் கேட்டது. "கரிக்காரி அரிசியையும் வறுத்தே அறுக்கப் போறா" என்றான் அண்ணன். அது நல்ல நகைச்சுவைதான்; வேறு யாரைப் பற்றியாவது சொல்லியிருந்தால் அவளே சிரித்திருப்பாள்.

மூன்று நாள் வரப்பில் உட்கார்ந்து யோசித்தாள். மூலையிலும் கரி, இங்கேயும் கரி. அங்கே மட்டும் என்ன? ஒரு சட்டை சரியாக உட்கார்ந்து இன்னொன்று உட்காரவில்லையென்றால் இரண்டையும் பிரித்துத் தையல் தையலாகப் பார்ப்பாளே, அதுபோல மூலையைப் பற்றித் தெரிந்ததையெல்லாம் பிரித்துப் பார்த்தாள். நெருப்பு, மழை, கரி, மாடு. மாடு! ஆறு மாதம் அந்தக் கரியின்மேல் இரண்டு மாடுகள் நின்று மூத்திரம் பெய்திருக்கின்றன.

மண் ஆபீசரிடம் போய்ச் சொன்னாள். அவர் தலையில் அடித்துக்கொண்டார். "நான்தாம்மா சொல்லாம விட்டுட்டேன். புதுக் கரி பசியோட இருக்கும். மண்ணுல இருக்கிற எருச் சத்தை எல்லாம் அதுவே உறிஞ்சிக்கும், பயிருக்கு விடாது. முதல்ல அதுக்குச் சாப்பாடு போட்டுட்டுத்தான் வயலுக்கு அனுப்பணும்."

பால்காரியின் மாட்டுக் கொட்டகையிலிருந்து கேன் கேனாக மூத்திரம் சுமந்தாள். சாணம் கரைத்தாள். குழி வெட்டி, கரியை அதில் ஒரு மாதம் ஊறப்போட்டாள். அவள் தெருவில் வந்தால் ஜனங்கள் அடுத்த தெரு வழியாகப் போனார்கள். அதற்கெல்லாம் அவள் அசரவில்லை. அடுத்த போகம் அந்தப் பாத்தி விளைந்தது. வருஷத்துக்கு ஒரு பாத்தி, இரண்டு பாத்தி என்று புளிப்பை அவள் விரட்டிக்கொண்டே போனாள். வாய்க்கால் தண்ணீர் மெல்ல மெல்லக் கலங்க ஆரம்பித்தது. முதல் தவளை கத்திய நாளில் அவள் மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

பக்கத்தில் வேறு ஆலைகள் இருந்தும் தன் முதல் நல்ல நெல்லை அண்ணன் ஆலைக்கே கொண்டுபோனாள். வேண்டுமென்றேதான். அவன் வழக்கம்போல மூட்டைக்குள் கையை விட்டு ஒரு பிடி எடுத்தான். ஒரு மணியைப் பல்லில் கடித்தான். "நல்லா முத்தியிருக்கே, எந்த வயல்?" என்று பார்க்காமலே கேட்டான்.

"உங்க சுவத்துக்குப் பின்னாடி."

அவன் நிமிர்ந்தான். அந்த முகத்தை அவள் தலையில் அளவெடுத்து வைத்துக்கொண்டாள். அடுத்த வாரமே ஆலை வாசலில், உமி இனிப் பாய்லருக்கு வேண்டும் என்று சொல்லிவிட்டான். அவள் இரண்டு ஊர் தள்ளி இன்னொரு ஆலையிலிருந்து வண்டி வைத்து உமி ஏற்றினாள். கணக்கில் இன்னொன்று ஏறியது.

மகள் லீவுக்கு வந்தபோது, அம்மா மூத்திரக் கேனோடு நிற்பதைப் பார்த்துவிட்டுக் கேட்டாள், "உனக்கு நெல்லு வேணுமா, மாமா வேணுமா? ஒண்ணைச் சொல்லு."

"மாமாதான்" என்றாள் அவள், யோசிக்காமல்.

"அவரை வெச்சு என்ன பண்ணப் போறே?"

"அப்புறம் பார்த்துக்கலாம்."

அண்ணனின் கால்வாய் ஓரத்து நிலம் நல்ல நிலம்தான். ஆனால் அவன் பேராசைக்காரன். விளைச்சல் கொஞ்சம் இறங்கினால் உர மூட்டையை இரண்டாக்குவான். இன்னும் இறங்கினால் மூன்றாக்குவான். வருஷக்கணக்காகக் கொட்டிய உரமே மண்ணைப் புளிக்க வைத்துவிட்டது. மண் ஆபீசர் வந்து காகிதத்தை முக்கினார், நாலரை என்றார். என்ன செய்யலாம் என்று கேட்டதற்கு, "உங்க தங்கச்சியைக் கேளுங்க" என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பிவிட்டார்.

முதலில் அண்ணி வந்தாள், சும்மா வந்ததுபோல. நலம் விசாரித்தாள், ஜாக்கெட் ஒன்று தைக்கக் கொடுத்தாள், போகும்போது இழுத்தாள். "அவரு உங்களைப் பார்க்கணும்னு..."

"வரட்டுமே" என்றாள் கரிக்காரி.

ஒன்பதாவது வருஷம் அவன் வந்தான். அவள் அவனை வரவேற்று, கொல்லைக்கு அழைத்துப்போய் எல்லாவற்றையும் காட்டினாள். டின், ஓட்டை, புகைபோக்கி, குவியல், எந்த நேரத்தில் கிளறுவது, எந்த நிறத்தில் அணைப்பது. ஒரு மறைவில்லாமல், ஒரு பாடமாக. அவன் சின்னப் பையனைப்போலக் கேட்டுக்கொண்டு நின்றான். ஊறல் குழியின்மேல் தார்ப்பாய் போட்டிருந்தது.

"அது என்ன?"

"எரு."

"அவ்வளவுதானா வேலை?"

"கறுப்பா இருக்கணும். அதான் முக்கியம்" என்றாள் அவள்.

அதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை. வாய்க்கால் கரையில் நின்று அவன் சொன்னதிலும் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை. அவள் அவனை வாசல்வரை வந்து வழியனுப்பினாள். அன்று அவளுக்குப் பசி நன்றாக எடுத்தது.

ஆலைக்காரனுக்கு உமிக்குக் குறைவா? அவளைப்போல ஒரு பாத்தி இரண்டு பாத்தி என்று அவன் செய்யவில்லை. முற்றத்தில் ஏழு டின் வைத்து எரித்து, டிராக்டரில் ஏற்றி, மூன்று ஏக்கரிலும் ஒரே மூச்சில் கொட்டினான். அவள் மெஷினில் உட்கார்ந்து நாள் எண்ணினாள். இருபத்தைந்தாம் நாள் வெளிறியது. நாற்பதாம் நாள் மூன்று ஏக்கரும் மஞ்சள். தினமும் காலையில் அந்த வரப்பு வழியாக நடந்துபோனாள், வேறு வேலையே இல்லாததுபோல. ஒருநாள் யாரும் இல்லாத நேரம் பார்த்து இறங்கி, நாடாவைப் போட்டு அளந்தாள். பதினாலு. பாட்டு வராத வாய்க்குப் பாட்டு வந்தது. அண்ணி தூரத்தில் வரப்பில் குந்தியிருந்தாள், இவளைப் பார்த்ததும் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். அண்ணியின்மேல் அவளுக்கு எந்தக் கோபமும் இல்லை. ஆனாலும் பாட்டை நிறுத்தவில்லை.

அதற்கு அடுத்த வாரம், மத்தியான வேளையில், அவன் தனியாக வந்தான். அவள் தையல் அறை சின்னது. மெஷின், வெட்டுப் பலகை, சுவரில் ஆணிகளில் தொங்குகிற பாதி தைத்த துணிகள், வாடிக்கையாளர் உட்கார ஒரு ஸ்டூல். அதில் உட்கார்ந்தான். மடியில் ஒரு துண்டு மூட்டை. அவிழ்த்து அவள் முன்னால் நீட்டினான். கரி.

"கொஞ்சம் பார்த்துச் சொல்லு. சாம்பலாக்கிட்டேன் போல இருக்கு."

அவள் ஒரு சிட்டிகை எடுத்து விரலில் தேய்த்தாள். அவ்வளவு நல்ல கரியை அவளே செய்ததில்லை. உமி வடிவம் கெடாமல், வெள்ளைப் பொட்டு ஒன்றில்லாமல், பளபளவென்று இருந்தது. அவன் பக்கத்திலேயே நின்று எரித்திருக்கிறான். வலது புருவத்தைக் காணோம்.

"நான்தான் எங்கயோ கோட்டை விட்டுட்டேன்" என்றான். "நீ எல்லாம் சரியாத்தான் சொல்லிக்கொடுத்தே. வேற யாராவது இருந்தா வாசல்லயே நிக்க வெச்சுத் திருப்பி அனுப்பியிருப்பாங்க. நான் செஞ்சதுக்கு."

அவள் கை மெஷின் சக்கரத்தில் இருந்தது. "என்ன செஞ்சீங்க?"

அவன் துண்டையே பார்த்துக்கொண்டிருந்தான். "அந்த நிலம் ஆகாதுன்னு எனக்குத் தெரியும். மூணு வருஷம் போட்டுப் பார்த்தவன் நான். நீ தண்ணியில கையை விட்டு சந்தோஷப்பட்டப்போ சொல்லியிருக்கணும். வாயைத் திறக்கலை. தெரிஞ்சுதான் கொடுத்தேன்."

ஒன்பது வருஷம். இந்த ஒரு வாக்கியத்துக்காக அவள் புகையைக் குடித்திருக்கிறாள், மூத்திரம் சுமந்திருக்கிறாள். இதைக் கேட்டவுடன் என்ன செய்ய வேண்டும் என்று ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு விதமாக ஒத்திகை பார்த்திருக்கிறாள். காறித் துப்புவது ஒரு விதம். எழுந்து உள்ளே போய்விடுவது ஒரு விதம். எந்த ஒத்திகையிலும் அவன் நன்றி சொல்லவில்லை. இங்கே வந்து, கெடுத்தவளிடமே நன்றி சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். அவளுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. இப்படியே விட்டால் அவன் எழுந்துபோய்த் தன் தங்கை எவ்வளவு நல்லவள் என்று ஊரெல்லாம் சொல்லுவான். சட்டை ஏன் இழுக்கிறது என்று தெரியாமல் ஒருத்தர் சாப்பாட்டைக் குறைத்தால் அது வேடிக்கை. இவனுக்கு அப்படிப் போகக் கூடாது. யார் அடித்தது என்று இவனுக்குத் தெரிய வேண்டும்.

"கரி நல்ல கரிதான்" என்றாள். "அப்படியே போடக்கூடாது. மாட்டு மூத்திரத்துலயும் சாணத்துலயும் ஊறப்போடணும். இல்லேன்னா மண்ணுல இருக்கிற எருவை அதுவே தின்னுடும். எனக்கு ஆறு வருஷமாத் தெரியும். அன்னிக்கு நீங்க அது என்னன்னு கேட்டீங்களே, அந்தக் குழியிலதான் ஊறிக்கிட்டு இருந்தது. நான் சொல்லலை. வேணும்னேதான் சொல்லலை."

அவன் கத்துவான், ஸ்டூலைத் தள்ளிக்கொண்டு எழுவான், இரண்டு பேரும் ஒருமுறை நன்றாகச் சண்டை போட்டுவிடலாம் என்று காத்திருந்தாள். அவன் அவளைப் பார்த்தான். பிறகு துண்டின் நாலு முனையையும் ஒன்றாகச் சேர்த்து, ஒரு துளிக் கரிகூட அவள் துணிமேல் சிந்தாமல் மறுபடி முடிச்சுப் போட்டான்.

"எத்தனை நாள் ஊறணும்?"

பத்து நாள் என்று சொல்லத்தான் வாயெடுத்தாள். பத்து நாளில் ஒன்றும் ஊறாது. இன்னொரு போகம் போகும். நாக்கின் நுனிவரை வந்துவிட்டது.

"ஒரு மாசம்" என்றாள். "நிழல்ல. வாரத்துக்கு ஒரு தடவை புரட்டி விடணும்."

அவன் தலையாட்டிவிட்டு எழுந்தான். வாசல்படியில் செருப்பை மாட்டியவன் நின்றான். திரும்பினான்.

"நிஜமாத்தானே?"

அந்த வீட்டில் பொய்க்காரன் என்றால் அவன்தான் என்று ஒன்பது வருஷமாக அவள் நிம்மதியாக இருந்தாள். அவளுடைய வார்த்தையை இதுவரை யாரும் அப்படித் திருப்பிக் கேட்டதில்லை. "நிஜம்தான்" என்றாள். தன் காதுக்கே அது சரியாக விழவில்லை. இன்னும் கொஞ்சம் சத்தமாக மறுபடி சொன்னாள். அவன் கரி மூட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு, நம்பலாமா வேண்டாமா என்று அவள் முகத்தைப் பார்த்தபடி நின்றுகொண்டே இருந்தான்.